ஒரு கும்பிடுக்கு ஒரு விரற்கடை

கருவேலங்கோட்டையில் மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்கு முன்பே யார் முதலில் கும்பிட வேண்டும் என்பதைப் பார்த்துவிடுவார்கள். அதனால், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஊரிலிருந்த மோட்டார் சைக்கிள்களின் ஹேண்டில்பார்கள் எல்லாம் கும்பிடுக்குத் தகுந்தபடி ஏறவும் இறங்கவும் தொடங்கியபோது அந்த ஊர்க்காரர்கள் வாயைப் பிளக்கவில்லை. இவ்வளவு நாள் இது ஏன் நடக்காமல் இருந்தது என்றுதான் யோசித்தார்கள். காரணம் கேட்டவர் ஒருவரும் இல்லை. தண்ணீர் ஏன் பள்ளத்துக்கு ஓடுகிறது என்று கேட்பவனைக் கிறுக்கன் என்று சொல்லும் ஊர் அது.

முதலில் கண்ணில் பட்டது அரிசி ஆலை வைகுண்டமணியின் வண்டி. முந்தின நாள் அவர் மகளுக்குச் சடங்கு. மண்டபத்து வாசலில் பட்டுச்சட்டையும் சந்தனமுமாக அவர் நிற்க, ஊர் முழுக்க வரிசையில் வந்து கும்பிட்டுவிட்டுப் பந்திக்குப் போயிருந்தது. விடிந்து பார்த்தால் அவருடைய வண்டியின் ஹேண்டில்பார் கிடாய்க் கொம்பு மாதிரி மேலே வளைந்து ஆள் தோளுக்கு நின்றது. அதே வாசலில் பன்னீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு வந்தவர் போனவர் எல்லாருக்கும் குனிந்தவர், குடிநீர்த் தொட்டியைத் திறந்துவிடும் மாசானம். தெருவுக்கொரு வசவு வாங்குகிற வேலை அது என்பதால் ஆளைக் கண்டதும் கும்பிட்டுவிடுவது அவருக்குப் பழக்கம். அவருடைய பழைய வண்டியின் ஹேண்டில்பார் தொங்கித் தொங்கி முன்சக்கரத்து மட்கார்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒர்க் ஷாப்காரன் இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போட்டான். சாயந்தரத்துக்குள் புதுசும் பழசுபோலவே ஏறியும் இறங்கியும் நின்றது. அதற்குப் பிறகு அவன் கம்பியைத் தொடுவதை விட்டுவிட்டு, ஏறின கம்பிக்கு எட்டுகிற மாதிரி நீளமான கிளட்ச் கேபிளும் பிரேக் கேபிளும் வரவழைத்து விற்கத் தொடங்கினான்.

ஒரு வாரத்துக்குள் ஊருக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது. வேறு எந்தக் கணக்கு வராவிட்டாலும் இந்தக் கணக்கு அவர்களுக்கு வரும். கும்பிடு வாங்கியவனின் கம்பி ஏறும், கும்பிட்டவனின் கம்பி இறங்கும். தலையை ஆட்டினால் நகம் அளவு, கையைக் கூப்பினால் ஒரு விரற்கடை, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூப்பினால் ஒரு சாண், காலில் விழுந்தால் கிரீச் என்று சத்தத்தோடு ஒரு முழம். ஒரே நேரத்தில் இரண்டு பேரும் கும்பிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் அப்படிக் கும்பிடுகிறவர்களை ஊர் விவரமில்லாதவர்கள் என்று ஒதுக்கிவைத்தது.

ஹேண்டில்பார் என்பது கையை வைத்துக்கொள்கிற கம்பிதானே என்று நினைப்பவர்கள் அந்த நாட்களில் கருவேலங்கோட்டைக் கடைத்தெருவில் வந்து நின்றிருக்க வேண்டும். கை தோளுக்கு மேலே போனவர்களுக்கு எதிர்க்காற்று முழுக்க நெஞ்சில் அடித்து இருமல் வந்தது. பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் ரத்தம் இறங்கி விரல்கள் மரத்துப்போயின. ஒரு வளைவு திரும்புவதற்கு இடுப்பையே ஆட்ட வேண்டியிருந்தது. கண்ணாடிகளும் கம்பியோடு மேலே போய்விட்டதால் பின்னால் வரும் லாரி தெரியாமல் ஆகாயத்துக் காக்கைகள் தெரிந்தன. போலீஸிடம் பிடிபட்ட திருடர்கள் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கக்கத்து வியர்வையை ஊருக்கே காட்டிக்கொண்டு போன அவர்கள் அதற்குக் கம்பீரம் என்று பெயர் வைத்தார்கள். கை இறங்கியவர்களோ பெட்ரோல் டாங்கின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு போனார்கள். உடம்பின் கனமெல்லாம் மணிக்கட்டுக்கு வந்தது, நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துப் பிடரி மரக்கட்டையானது, கண்ணாடியில் தெரிந்ததெல்லாம் சொந்த முழங்கால். ஆனால் காற்று முதுகுக்கு மேலே வழுக்கிக்கொண்டு போனதால் பெட்ரோல் கொஞ்சம் மிச்சமானது. குனிந்தால் மைலேஜ் கிடைக்கிறது என்று அவர்கள் டீக்கடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். வளைந்த முதுகில் லாபம் பார்ப்பவனை யாரால் நிமிர்த்த முடியும்?

ஊர் இதற்குப் பழகிக்கொண்ட வேகம் இருக்கிறதே, அதுதான் அதிசயம். டீக்கடைக்காரர்கள் பந்தலை உயர்த்திக் கட்டினார்கள். பெரிய வீட்டுக்காரர்கள் நிலையை இடித்து வாசலை உயர்த்தினார்கள், உயர்த்த வசதியில்லாதவர்கள் வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் அடங்காத அளவுக்கு வளர்ந்துவிட்டது என்று போகிற வருகிறவர்களிடம் சலித்துக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணின் தாய்மாமன் இன்ச் டேப்போடு முதலில் மாப்பிள்ளையின் வண்டியைப் பார்க்கப் போனான். அம்மன் கோயில் கொடையில் யாருக்கு முதல் பரிவட்டம் என்று மூன்று தலைமுறையாக நடந்த வழக்கு, கம்பிகளை வரிசையாக நிறுத்தி அளந்ததில் ஒரே நாளில் முடிந்து, அன்று மாலையே புது வழக்காக ஆரம்பித்தது. தன்னைவிடப் பெரிய ஆள் எதிரே வந்தால் கும்பிட்டு இறங்க வேண்டுமே என்று முக்குக்கு முக்கு ஆண்பிள்ளைகள் சுவரோடு ஒட்டி நின்று எட்டிப் பார்த்தார்கள். சம உயரக்காரர்கள் இரண்டு பேர் சந்தையில் எதிரெதிரே வந்துவிட்டு, நீ முதலில் கூப்பு என்று ஒருவரை ஒருவர் பார்த்தபடியே வெயில் ஏறும்வரை நின்றதில், பையிலிருந்த மீன் நாறிப்போனது. பெண்களின் ஸ்கூட்டிகள் மட்டும் வாங்கியபடியே இருந்தன. பெண்களை ரோட்டில் யாரும் கும்பிடுவதில்லை, அவர்கள் கும்பிட வேண்டிய இடம் வீடும் கோயிலும் என்று ஊர் முன்பே முடிவு செய்திருந்தது.

இந்தக் கூத்தில் ஒட்டாமல் வெகுநாள் இருந்தது பாத்திரக்கடைத் திரவியத்தின் வண்டி. அவன் கூட்டாளிகள் அவனை விவரமில்லாதவன் என்பார்கள். எதிரே வருபவன் கையைத் தூக்குவதும் திரவியம் கையைக் கூப்பி வாங்க வாங்க என்பதும் ஒரே மூச்சில் நடந்துவிடும். வைகுண்டமணியாக இருந்தாலும் மாசானமாக இருந்தாலும் அதே வாங்கதான். அதனால் அவன் கம்பி கம்பெனிக்காரன் கொடுத்தபடியே, முழங்கை லேசாக மடங்கி முதுகு நேராக இருக்கிற உயரத்திலேயே நின்றது. அவன் பெண்டாட்டி உலகம்மாள் அந்த வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து, அவன் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, இந்த ஊர்க்காரர்கள் கையைத் தூக்கிக்கொண்டும் குப்புறப் படுத்துக்கொண்டும் போவதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வர வந்தவள். நல்ல ரோட்டில் போகும்போது அவன் இடது கையை எடுத்து, தன் இடுப்பைச் சுற்றியிருக்கும் அவள் கையின் மேல் வைத்துக்கொள்வான். ஊரில் வேறு எவனுக்கும் அப்படி ஒரு கையை எடுக்க முடியாது. மேலே போனவர்கள் எடுத்தால் வண்டி ஆடும், கீழே போனவர்கள் எடுத்தால் முகம் டாங்கில் இடிக்கும்.

அவளுக்கு அவனைப் பிடித்ததே அந்தக் கைகளால்தான். பெண் பார்க்க வந்த அன்று அவள் கொண்டுவந்து கொடுத்த காபி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் பேர் வெட்டினவனுக்குக் கை நடுக்கம் உண்டு என்று சொன்னவன் அவன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் கொண்டுவந்த குடம், தூக்கு, தாம்பாளம் எல்லாவற்றிலும் உலகம்மாள் என்று அவனே வெட்டிக் கொடுத்தான். ஒரு எழுத்துகூடச் சாயவில்லை. அவள் உண்டான செய்தி தெரிந்ததும் கடையிலிருந்து பிள்ளைக்குப் பால் புகட்டுகிற ஒரு வெள்ளிப் பாலாடையைக் கொண்டுவந்து வைத்து, பிள்ளை பிறந்ததும் பேரை வெட்டிவிடலாம் என்றான். பிள்ளையை முதலில் வாங்கப்போவது என் கைதான், சொல்லிவிட்டேன் என்றும் சொன்னான். அவளுக்குப் பெற்ற தாய் இல்லை, மாமியாரோ மூத்த மகனோடு கோயம்புத்தூரில். அந்தக் கைகளை நம்பித்தான் அவள் மாதங்களைக் கழித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் வியாபாரிகள் சங்கத்துக்குச் செயலாளர் தேவைப்பட்டார். தலைவர் வைகுண்டமணிக்குத் தன்னைவிட உயரமானவனும் வேண்டாம், மட்கார்டைத் தொடுகிறவனும் வேண்டாம். திரவியத்தைக் கூப்பிட்டு மாலையைப் போட்டார்கள். மறுநாளிலிருந்து தெருவில் எல்லாரும் அவனை முந்திக்கொண்டு கும்பிட்டார்கள். முதல் வாரம் அவனும் சுறுசுறுப்பாகப் பதிலுக்குக் கும்பிட்டான். அடுத்த வாரம் ஒரு கண்சிமிட்டும் நேரம் தாமதித்தான். அந்தக் கண்சிமிட்டலில் ஒரு விரற்கடை ஏறியது. அதைப் பின்னாலிருந்து முதலில் பார்த்தவள் உலகம்மாள்தான். அவன் தோள் அவள் தாடைக்குச் சரியாக இல்லாமல் ஒரு நூல் உயர்ந்திருந்தது, அன்று நல்ல ரோட்டில்கூட இடது கை அவள் கைக்கு வரவில்லை.

பிறகு தாமதிப்பதையும் விட்டுவிட்டான். கும்பிட்டவனுக்குத் தலையை மட்டும் ஆட்டினான், அப்புறம் அதுவும் இல்லை. வைகுண்டமணி வருகிற நேரத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு வேறு தெரு வழியாகப் போனான். காலையில் கடை திறக்கும் முன் பள்ளிக்கூட வழியாக ஒரு சுற்றுச் சுற்றினான்; பிள்ளைகள் எல்லாரும் வணக்கம் ஐயா என்பார்கள். வண்டியில் ஏறியதும் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்து, காக்கைகள் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டதா என்று சோதித்துக்கொண்டான். உலகம்மாள் இப்போது பின்சீட்டில் அவன் கக்கத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு போனாள். அவளுக்கு ஊரைப் பார்த்துச் சிரிப்பு வருவது நின்றுபோனது, ஏனென்றால் ஊரே இப்போது அவளுக்கு முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது.

கம்பி தலைக்கு மேலே போனவர்களுக்கு வண்டியை விட்டு இறங்கின பிறகும் கை இறங்கவில்லை. வைகுண்டமணிக்குத்தான் முதலில் அப்படி ஆனது; அடுத்து ஊர்ப் பெரிய மனுஷர்கள் ஒவ்வொருவருக்கும். இதற்கும் ஊர் பழகிக்கொண்டது. தையல்காரன் பக்கவாட்டில் பட்டன் வைத்த சட்டை தைத்தான். பெண்டாட்டிகள் சோற்றைப் பிசைந்து ஊட்டினார்கள், முகம் கழுவிவிட்டார்கள், மீதியையும் அவர்களே செய்துவிட்டார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் கையைத் தூக்கிக்கொண்டு வாயைத் திறந்துவைத்திருக்கும் கனவான்களின் வரிசையும், பக்கத்தில் குந்தி ஊட்டும் பெண்களின் வரிசையும் தனியாக ஒதுக்கப்பட்டன. ஊட்டுவதற்கு ஆள் இருக்கிறவனுக்குத்தான் கை மேலே போகும் என்று பெண்களே ஒருத்திக்கொருத்தி பெருமையாகப் பேசிக்கொண்டதுதான் உலகம்மாளுக்குத் தாங்கவில்லை. அவள் வீட்டிலும் அது வந்து சேர்ந்தது. எட்டாம் மாதத்து வயிற்றோடு அவள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவனுக்கு ஊட்டினாள். பேர் வெட்டும் மெஷின் கடையில் தூசி படிந்து கிடந்தது. பாலாடை பேர் இல்லாமல் அலமாரியில் இருந்தது.

ஒருநாள் ரசம்சோற்றை ஊட்டிக்கொண்டே அவள் அவனிடம் மெதுவாகக் கேட்டுப்பார்த்தாள். நாலு பேரை முந்திக் கும்பிட்டால் கம்பியும் இறங்கும், கையும் இறங்கும். ஊரைச் சுற்ற வேண்டாம், தெருவுக்குள்ளேயே போதும் என்றாள். அவன் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, ஏறின மனுசன் இறங்கினால் நாய்கூட மதிக்காது என்றான். பிள்ளையை எப்படித் தூக்குவீர்கள் என்று கேட்டாள். பிள்ளை பிறக்கிற நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றான்.

ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ரயில் தண்டவாளம். தண்டவாளத்துக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை. அதன் வாசலில் பெரிய வண்டிகள் நுழையாதபடி குறுக்கே ஒரு இரும்பு உத்தரம். அதில் புகுந்துபோனால் ஆஸ்பத்திரி ஒரு எட்டு, இல்லாவிட்டால் பக்கத்து ஊர் ரயில்வே கேட்டைச் சுற்ற வேண்டும். உயர்ந்தவர்களின் கம்பி உத்தரத்தில் இடிக்கத் தொடங்கியதும் ஊர்க்கூட்டம் போட்டார்கள். கம்பியைத் தாழ்த்தலாம் என்று ஒருவனும் வாயெடுக்கவில்லை. தண்டவாளத்தை உயர்த்தித் தர வேண்டும் என்று தீர்மானம் போட்டு ரயில்வேக்கு அனுப்பினார்கள், அதை முன்மொழிந்தவன் செயலாளர் திரவியம்.

அன்றைக்குக் காலையில் உலகம்மாளுக்கு இடுப்பில் ஒரு இழுப்பு இழுத்தது. ஆட்டோ கூப்பிடலாம் என்றாள். நம் வண்டி வாசலில் நிற்கும்போது ஆட்டோவா, ஊர் என்ன சொல்லும் என்று அவன் வண்டியை எடுத்தான். அவள் பையில் துணிமணிகளோடு பாலாடையையும் போட்டுக்கொண்டு, அவன் கக்கத்துக்குக் கீழே உட்கார்ந்தாள். வழியில் கண்டவர்களெல்லாம் கும்பிட்டார்கள். அவசரத்தில் கேட்டைச் சுற்ற வேண்டாம் என்று தோன்றியதோ, இல்லை தன் கம்பியின் அளவு அவனுக்கே மறந்துபோனதோ, சுரங்கப்பாதை வழியாகவே விட்டான். உத்தரத்தில் கம்பி டணார் என்று மோதி வண்டி நின்றது. அதே நேரத்தில் அவளுக்கு வலி பிடித்தது.

இடித்தது கொஞ்சம்தான். நாலைந்து விரற்கடை இறங்கினால் போதும். சுரங்கப்பாதை ஓரத்தில் ஆடு மேய்க்கும் வெயிலுமுத்து நின்றார், கொஞ்சம் தள்ளி, தன் வண்டியை நிறுத்திவிட்டு மாசானம் வால்வு மூடிக்கொண்டிருந்தார். வேறு ஈ காக்கை இல்லை. உலகம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஏங்க, அந்த ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ரெண்டு கும்பிடு போடுங்க. இறங்கிரும். போயிரலாம்."

"ஆட்டுக்காரனுக்கா?"

"ஆட்டுக்காரருக்குத்தான். எனக்கு வலிக்கி."

"ஊரு பாக்கும், உலகு."

"ஊரு எங்க இருக்கு? ஏழெட்டு ஆடுதான நிக்கு."

"அப்ப ஆட்டுக்கும் சேத்துக் கும்பிடச் சொல்லுதியா?" என்றான் திரவியம்.

அதற்குள் செயலாளரைக் கண்டுவிட்ட வெயிலுமுத்து, கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, துண்டை இடுப்பில் கட்டி, கும்பிடுதேன் ஐயா என்றார். கம்பி உத்தரத்துக்கு மேலே ஒரு சாண் ஏறியது. சத்தம் கேட்டு ஓடிவந்த மாசானம் வழக்கம்போலக் குனிந்து இரண்டு கையையும் கூப்பினார். இன்னொரு விரற்கடை. வேண்டாம், கும்பிடாதீர்கள் என்று உலகம்மாள் கத்தினாள். செயலாளர் வீட்டம்மா கோபப்படுகிறாளே, குறை வைத்துவிட்டோமே என்று பயந்து இரண்டு பேரும் இன்னும் நன்றாகக் கும்பிட்டார்கள். அவர்கள் கும்பிடக் கும்பிட அது வளர்ந்தது. திரவியம் தலையாட்டவுமில்லை, தடுக்கவுமில்லை. நிமிர்ந்து கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலிக்கு நடுவிலும் உலகம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் கவலை இருந்தது உண்மை, ஆனால் கவலைக்கு மேலே ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது. அதை அவள் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

அவன் வண்டியைத் திருப்பினான். கேட்டைச் சுற்றிப் போய்விடலாம், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றான். உலகம்மாள் பையை எடுத்துக்கொண்டு இறங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து மாசானத்தின் வண்டிக்குப் போனாள். அதன் ஹேண்டில்பார் மட்கார்டுக்கு அடியில் இருந்தது; அதை ஓட்டுகிறவர் வருடக்கணக்காக ரோட்டைப் பார்த்ததில்லை, முன்சக்கரத்தைத்தான் பார்த்திருக்கிறார். ரோட்டில் ஒரு பெண் கும்பிட்டால் கம்பி கேட்குமா என்று அந்த ஊரில் அதுவரை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் மாசானத்துக்குக் கூப்பினாள்.

"அண்ணே, என்னைய ஆஸ்பத்திரியில கொண்டு விடுங்க."

கம்பி ஒரு விரற்கடை ஏறியது. பிறந்ததிலிருந்து யாரும் தன்னைக் கும்பிட்டு அறியாத மாசானம் பதறிப்போய், ஐயையோ தாயி என்று திரும்பக் கும்பிட்டார். அது இறங்கிவிட்டது. அவள் மறுபடி கும்பிட்டாள், அவர் மறுபடி பதறினார். பயந்த மனுஷனின் பணிவைப் போல உபத்திரவம் பிடித்தது உலகத்தில் ஒன்றும் இல்லை.

"பதிலுக்குக் கும்பிடாதீங்கண்ணே," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "கைய வண்டியில வைங்க."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவள் வலி விட்டு விட்டு வந்த இடைவெளிகளில் கும்பிட்டாள். கம்பி மட்கார்டை விட்டு எழுந்து, விளக்கைத் தாண்டி, மெல்ல மெல்ல வந்து, முழங்கை லேசாக மடங்கி முதுகு நேராகிற உயரத்தில் நின்றது. மாசானம் நிமிர்ந்தார். எதிரே ரோடு தெரிந்தது. கண்ணாடியில், கையை ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போகும் செயலாளரின் முதுகு தெரிந்தது. இவ்வளவு தூரம் ரோடு இருக்கிறதா என்று மாசானம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தார். உத்தரத்துக்கு அடியில் தலையைக்கூடக் குனியாமல் இரண்டு பேரும் போனார்கள்.

பிள்ளை உச்சி வெயிலுக்கு முன்னால் பிறந்தது. பெண்பிள்ளை. கேட்டில் கூட்ஸ் ரயிலுக்குக் காத்து, தாழ்ந்த மின்கம்பிகளுக்குப் பயந்து, வழியிலிருந்த ஊரிலெல்லாம் கும்பிடு வாங்கித் திரவியம் வந்துசேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சேதி கேட்டுச் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் கையைத் தூக்கிக்கொண்டு கூட வந்திருந்தார்கள். நர்ஸ் வெளியூர்க்காரி, துணியில் சுற்றிய பிள்ளையைக் கொண்டுவந்து அவன் முன்னால் நீட்டினாள். இரண்டு கையும் தலைக்கு மேலே இருக்க, அவன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கையில் ஏதாவது அடியா என்று நர்ஸ் கேட்டாள். செயலாளர் என்று சங்கத்து ஆள் ஒருவர் விளக்கம் சொன்னார்.

உலகம்மாள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவளுக்கு அவன்மேல் பிரியம் இன்னும் மிச்சம் இருந்தது. அன்றைக்கு வந்த வலிகளில் அதுதான் பெரிய வலி.

"பிள்ளைக்கு ஒரு கும்பிடு போடுங்க," என்றாள். "மத்தவங்களுக்கு வேண்டாம். பெத்த பிள்ளைக்கு. கை கொஞ்சமாவது இறங்கும். ஏந்திக்கிடலாம்."

திரவியம் பிள்ளையைப் பார்த்தான். மூடியிருந்த கண்களையும், சிவந்திருந்த காது மடலையும் பார்த்தான். தலைக்கு மேலே பேர் வெட்டுகிற அந்த விரல்கள் ஒன்றையொன்று தேடிக்கொண்டு அசைந்தன, முழங்கை இரண்டும் லேசாக இளகின. அவள் அதைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவன் தலையைத் திருப்பிச் சங்கத்து ஆட்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தான். அவர்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறந்த பிள்ளைகள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளையும் துணிக்குள்ளிருந்து கையை உருவி, இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து சேர்த்தது.

திரவியத்தின் முகம் மலர்ந்துபோனது.

"பாத்தியளா," என்றான் சங்கத்து ஆட்களிடம். "பிறந்த அன்னைக்கே எனக்கு வணக்கம் வைக்கா எம் மவ."

ரத்தம் அப்படி, சும்மாவா என்றார் ஒருவர். ஆஸ்பத்திரி முகப்பில் நிறுத்தியிருந்த வண்டியிலிருந்து கிரீச் என்று சத்தம் கேட்டது; தொடர்ந்து மேற்கூரையின் டியூப்லைட் உடைந்து கண்ணாடிச் சில்லுகள் சிதறி விழுந்தன. பெற்ற பிள்ளையின் கும்பிடல்லவா, ஒரு முழம் இருக்கும் என்றார் இன்னொருவர். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பதற்காக, தூக்கிய கைகளோடு மூன்று பேரும் வெளியே ஓடினார்கள்.

நர்ஸ் பிள்ளையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். உலகம்மாள் கையை நீட்டி வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். சேர்ந்திருந்த அந்த இரண்டு கைகளையும் பிடித்து, நகம் பட்டுவிடாமல் மெல்லப் பிரித்து, ஒன்றைத் துணிக்குள் வைத்தாள், ஒன்றைத் தன் மார்பின் மேல் வைத்தாள். மறுபடி சேர வந்தது. மறுபடி பிரித்துவிட்டாள். பிறகு பால் கொடுத்தாள்.